உன் கட்டிலில் கிடக்கும் டர்ன்டேபிள்கள்

அன்புள்ள மூத்தவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உன் அப்பாவுக்கு முதுகைத் தவிர, எனக்கு ஒரு காதைத் தவிர மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கிறது, அங்கே நீ தலையிலிருந்து கால்வரை ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேருடைய வேண்டுதலும். காது என்றதும் பதறாதே, அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், வரிசையாக வருகிறேன். நீ போன் செய்வதை நிறுத்தி ஒரு மாதம் ஆகப்போகிறது, நான் செய்தாலும் எடுப்பதில்லை. கோபம் என்று தெரிந்தது, எதற்கு என்றுதான் தெரியாமல் இருந்தது, முந்தாநாள்தான் தெரிந்துகொண்டேன். கடைசியாகப் போன் செய்த அன்றைக்கு நீ என்னிடம் ஒன்று கேட்டாய், நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அந்தப் பதிலைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் தம்பி மெசேஜில் நாலு வரி தட்டிவிடச் சொன்னான். நாலு வரியில் சொல்லி முடிகிற கதையாக இருந்தால் நான் ஏன் கடைக் கதவைச் சாத்திவிட்டுப் பேனாவோடு மல்லுக்கட்டப் போகிறேன்.

கடையிலிருந்து ஆரம்பிக்கிறேன், எல்லாம் அங்கேதான் தொடங்கியது. ரிப்பேருக்கு வருகிற மெஷின்களால் மூச்சு விட நேரமில்லை. நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் சிடி வந்தது, இனி ரெக்கார்டு சுற்றுகிற டர்ன்டேபிளை யார் சீந்தப் போகிறார்கள் என்றார்கள், பிறகு கம்ப்யூட்டர் வந்தது, பிறகு கையடக்கமாக என்னென்னவோ பெட்டிகள் வந்தன, ஒவ்வொரு தடவையும் உன் அப்பா அப்பாடா, இனி வீட்டுக்குள் நடக்க இடம் கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டார், ஒவ்வொரு தடவையும் மனிதருக்கு ஏமாற்றம்தான். அப்படிச் சொன்ன, விருந்துகளில் பாட்டுப் போடுகிற டிஜேக்களே பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். சுற்றுகிற தட்டைக் கையால் பிடித்து நிறுத்தி, இழுத்து, தள்ளி வாசிக்கிற சுகம் வேறு எதிலும் இல்லையாம். இருக்கட்டும், சுகம் அவர்களுக்கு, சுமை எனக்கு. இந்த மெஷின்கள் செத்தும் தொலைய மாட்டேன் என்கின்றன. பெல்ட் கிடையாது, மோட்டாரே நேராகத் தட்டைச் சுற்றுகிறது, எப்போதாவது அச்சில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் என் ஆயுசையும் தாண்டி ஓடும். சுற்றி இருப்பவைதான் கெடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பட்டையின் மேல் யாராவது குடிக்கிறதைக் கொட்டியிருப்பார்கள், அது பிசுபிசுத்துப் பாட்டு இழுக்கும். ஊசி தாங்குகிற கையைப் பூட்டாமல் வேனில் ஏற்றி வளைத்திருப்பார்கள். கேபிளைப் பிடித்து வாளி தூக்குகிற மாதிரி தூக்கியிருப்பார்கள். இந்த ஐந்தாறு நோய்தான், அதையே தினமும் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது கண்ணு. வேலை வராமல் கடையை மூடுகிறவளுக்கு ஊரே ஐயோ பாவம் என்று சொல்லும். வேலை வந்துகொண்டே இருந்து களைத்துப் போனவளுக்கு யாரும் சொல்வதில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டிஜே வேலை சொல்லிக்கொடுக்கிற பள்ளி ஒன்று வேறு திறந்துவிட்டார்கள், அங்கே இருக்கிற மெஷின்களைப் படிக்கிற பிள்ளைகள் பாடாய்ப் படுத்தி எடுக்கிறார்கள், எல்லாம் இங்கேதான் வருகிறது. முதலில் கடையில் வைத்தேன். பிறகு மாடிப்படியில் ஓரமாக. பிறகு உன் அறையில் மேசை மேல் ஒன்று, நாலு நாளைக்குத்தானே என்று. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குமே, இப்போது உன் கட்டில் மேலே படுக்கிற இடம் முழுக்க அதுதான், தலையணை இருந்த இடத்தில் கழற்றிய தட்டுகளை அடுக்கியிருக்கிறேன், உன் அலமாரியைத் திறக்க வேண்டுமானால் நாலு மெஷினை நகர்த்த வேண்டும். போன தடவை நீ வந்தபோதே ஹாலில்தான் படுத்தாய். "இது என் ரூமா, இல்ல மெஷின் ஆஸ்பத்திரியாம்மா"ன்னு சிரித்துக்கொண்டுதான் கேட்டாய், நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். உன் அப்பா பஸ் ஓட்டின பழக்கத்தில் ஒவ்வொரு மெஷினையும் மேலே தூக்கி வந்து இறக்கும்போது "கடைசி ஸ்டாப், எல்லாரும் இறங்குங்க" என்று குரல் கொடுப்பார், பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதே கட்டில் ஓரத்தில் உட்காருவார். தள்ளுவண்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் அது கிழவர்களுக்காம்.

இனி காதுக்கு வருகிறேன். நான் இடதுகைக்காரி என்று உனக்குத் தெரியும். பற்றவைக்கிற கம்பி எப்போதும் இடது கையில். வலது கையால் ஹெட்போனில் ஒரு பக்கத்தை மட்டும் வலது காதில் அமுக்கிக்கொள்வேன், சத்தத்தை முழுக்கத் திறந்துவிடுவேன். மெஷினில் பாட்டு ஓடாதபோது உள்ளே ஊம் என்று ஒரு முனகல் வரும், எந்தக் கம்பி தளர்ந்ததால் வருகிறது என்று அப்படித்தான் பிடிக்க முடியும், ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுத் தொட்டு அது எப்போது நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். சில சமயம் கம்பி சட்டென்று விலகிப் படாரென்ற சத்தம் காதுக்குள் அடியாக இறங்கும், பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். இத்தனை வருஷமும் அந்த ஒரு காதில்தான் எல்லாம் இறங்கியது. போன் வந்தாலும் அதே வலது கை, அதே வலது காது. கொஞ்ச காலமாகவே உன் குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. நான் போனைத்தான் திட்டினேன். போனை மாற்றினேன், மாற்றியதையும் மாற்றினேன், உன் ஊரில் லைன் சரியில்லை என்றுகூடச் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். உன் அப்பா ஏதாவது சொல்லி நான் திரும்பாவிட்டால், செவிடன் காதில் ஊதிய சங்கு என்று முணுமுணுத்துக்கொண்டு போவார், அதுவும் என் காதில் விழாது, அவரே பிறகு சொல்லித்தான் தெரியும். எங்கள் இரண்டு பேருக்குமே அது விளையாட்டாகத்தான் இருந்தது.

விளையாட்டு போன வாரம் முடிந்தது. தொப்பிக்காரி என்று நாங்கள் சொல்வோமே, வெயிலோ மழையோ தொப்பியைக் கழற்றாத அந்த டிஜே பெண், அவள் தன் மெஷின் ஒன்றைக் கேபிள் மாற்றக் கொடுத்திருந்தாள். யாரோ முன்பு கை வைத்த மெஷின், உள்ளே போகிற இரண்டு கம்பியும் கறுப்பு, எது இடப்பக்கத்துச் சத்தம் எது வலப்பக்கத்துச் சத்தம் என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்படி வந்தால் நான் கவலைப்படுவதில்லை, குத்துமதிப்பாக இணைத்துவிட்டுக் கடைசியில் சோதனை ரெக்கார்டைப் போடுவேன். அதில் முதலில் இடப்பக்கத்து ஸ்பீக்கர் பெட்டியில் டொக்கென்று ஒரு தட்டு, பிறகு வலப்பக்கத்துப் பெட்டியில் ஒரு தட்டு. மாறி வந்தால் கழற்றி மாற்றி வைப்பேன். அன்றைக்கும் போட்டேன், இரண்டு தட்டும் கேட்டது, சரி என்று மூடியை முடுக்கிவிட்டேன். இரண்டும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தன என்று எனக்குத் தெரியவில்லை என்பதே எனக்குத் தெரியவில்லை. வேலை முடியவே நேரமாகிவிட்டதால் உன் அப்பா நேராக விருந்து நடக்கிற மண்டபத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார், அவளுக்கு ஓட்டிப் பார்க்க நேரமில்லை.

இப்போதெல்லாம் பல பேர் பாட்டே இல்லாத ரெக்கார்டைத்தான் வைக்கிறார்கள். அதில் இருப்பது ஒரு கீச்சுச் சத்தம் மட்டும், பாட்டு இருப்பது கம்ப்யூட்டரில். அந்தக் கீச்சுச் சத்தம் இடப்பக்கத்தில் முந்துகிறதா வலப்பக்கத்தில் முந்துகிறதா என்று பார்த்துத்தான் தட்டு முன்னால் சுற்றுகிறதா பின்னால் சுற்றுகிறதா என்று கம்ப்யூட்டர் கண்டுகொள்ளும், கையால் இழுக்கிறபடி பாட்டையும் இழுக்கும். இரண்டு பக்கமும் மாறிப்போனால் தட்டு முன்னால் போகும், பாட்டு பின்னால் போகும். அதுதான் நடந்தது. ஏதோ ஒரு கம்பெனியின் விருந்து, மேலாளர் தன் மனைவியின் கையைப் பிடித்து ஆட எழுந்து வந்திருக்கிறார், பாட்டு கடைசியிலிருந்து முதலுக்கு ஓடியிருக்கிறது. மனிதர் ஆடுவதா நிற்பதா என்று தெரியாமல் ஒரு காலைத் தூக்கியபடி நின்றாராம். தொப்பிக்காரி பக்கத்து மெஷினுக்குத் தாவிச் சமாளித்துவிட்டாள், ஆனாலும் கூட்டம் சிரித்த சிரிப்பு அவள் காதைவிட்டுப் போகவில்லை என்றாள்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன், எளிதாகப் போயிருக்கும். அவள் வாயைத் திறக்கும் முன்னாலேயே "முதல்ல உன் கம்ப்யூட்டரப் பாரு, என் வேலையில தப்பு வராது"ன்னு நான்தான் எகிறினேன். அவள் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து அதே சோதனை ரெக்கார்டைப் போட்டாள். "அக்கா, தட்டு எந்தப் பக்கம் கேக்குது, சொல்லுங்க" என்றாள். இடது என்றேன். அடுத்ததும் இடது என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். ஸ்டூலைப் பெட்டிகளுக்கு முதுகு காட்டும்படி திருப்பிவைத்து மறுபடி போட்டாள். நான் மறுபடியும் இரண்டுமே இடது என்றேன். அவள் கிட்டே வந்து உள்ளங்கையால் என் இடது காதை மூடினாள். சோதனை ரெக்கார்டு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது, தெருவில் லாரி போவது தெரிந்தது, அவள் உதடு அசைவது தெரிந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பயந்துவிட்டேன் கண்ணு. உன் அம்மா எதற்கும் பயப்படாதவள் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய், அவள் கையை எடுக்கிறவரை நான் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

காது டாக்டரிடமும் அவள்தான் கூட்டிப்போனாள். அந்த டாக்டரம்மா கருவியை வைத்துப் பார்த்துவிட்டு என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன், எந்தக் காதில் ஹெட்போன் வைப்பீர்கள் என்று கேட்டார், சொன்னேன், அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. வலது காது போனது போனதுதானாம், இடது நன்றாக இருக்கிறது, இதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். திரும்பி வரும்போது தொப்பிக்காரி என்னை அவளுக்கு வலப்பக்கமாக நடக்கவிட்டாள், அப்போதுதான் அவள் பேசுவது இடது காதில் விழும் என்று. அவள் பேசிக்கொண்டே வந்தாள், நான் வேறு யோசனையில் இருந்தேன். இத்தனை நாளும் நீ போனில் பேசிய எதையெல்லாம் நான் கேட்காமல் சரி சரி என்றிருக்கிறேன் என்று யோசித்தேன். கடைசியாக நீ போன் செய்த நாள் ஞாபகம் வந்தது. மெஷின் திறந்து கிடந்தது, நீ மெதுவாகத்தான் பேசினாய், முனகல்தான் கேட்டது, வார்த்தை விழவில்லை. திரும்பிச் சொல்லச் சொல்லி இரண்டு தடவை கேட்டுவிட்டேன், மூன்றாவது தடவை கேட்க வெட்கமாக இருந்தது. எப்போதும் சொல்கிறதையே சொன்னேன், "சரி சரி, பாத்துக்கலாம், வேலை கெடக்கு, வச்சிடட்டுமா"ன்னு. நீ ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாயோ என்னவோ.

வீட்டுக்கு வந்ததும் உன் தம்பியைக் கூப்பிட்டு அக்கா உன்னிடம் ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். கிடங்கிலிருந்து வேலை உடுப்போடு வந்தவன் முதலில் மழுப்பினான், காது விஷயத்தைச் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்தான். "அக்கா உன்கிட்ட கேட்டாளாம்மா, நான் கொஞ்ச நாள் வீட்டுக்கே வந்து இருந்துடட்டுமா, இங்க முடியலைன்னு. நீ பாத்துக்கலாம், வேலை கெடக்குன்னு வச்சிட்டியாம். அம்மாவுக்கு என்னவிட மெஷின்தான் முக்கியம், இனிமே இத நான் கேக்க மாட்டேன்னு சொன்னா" என்றான். அவனையும் யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாய், அவனை ஏசாதே, நான்தான் பிடுங்கினேன். உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு எழுந்துபோய் உன் அறைக் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றார். நானும் போய் நின்றேன். உள்ளே காலை வைக்க இடமில்லை. நீ வந்து இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய், எங்களிடம் நீ உட்கார ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லை. எனக்கு அழுகை வந்தது, அவர் பக்கத்தில் நின்று அழுதேன்.

ஆகையால் என் பதில் இதுதான், இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துக்கொள். வா. கொஞ்ச நாள் என்றாலும் சரி, ரொம்ப நாள் என்றாலும் சரி. அங்கே என்ன முடியவில்லை, யாரால் முடியவில்லை என்று நான் கேட்க மாட்டேன், உனக்குச் சொல்லத் தோன்றினால் என் இடது பக்கமாக உட்கார்ந்து சொல். உன் தம்பியும் அப்பாவும் நானும் நேற்றிலிருந்து மெஷின்களை இறக்கிக்கொண்டிருக்கிறோம். ரிப்பேர் ஆனதையெல்லாம் உரியவர்களைக் கூப்பிட்டு எடுத்துப்போகச் சொல்லிவிட்டேன், தொப்பிக்காரி தன் வேனோடு வந்து பள்ளிக்கூடத்து மெஷின்களை அள்ளிக்கொண்டு போனாள், மிச்சம் ஹாலில் நிற்கிறது, உன் அப்பா இரண்டு நாளாகச் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறார், அதைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறார். கட்டில் காலியாகிவிட்டது. மெத்தையில் மெஷின் கால்களின் பள்ளம் நாலு நாலாகப் பதிந்து கிடக்கிறது, திருப்பிப் போட்டுப் பார்த்தேன், அந்தப் பக்கம் பரவாயில்லை. கடைக் கதவில் புது மெஷின் இப்போதைக்கு எடுப்பதில்லை என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டும் கதவைத் தள்ளுகிறார்கள். இன்று காலையில்கூட ஒருவர் மெஷினைக் குழந்தை மாதிரி போர்வையில் சுற்றி எடுத்து வந்து, "இது ஒண்ணு மட்டும்மா"ன்னு கெஞ்சினார், உன் அப்பா பஸ்ஸில் இடமில்லை, அடுத்த வண்டியில் வாங்க என்று அனுப்பிவைத்தார். கடையை மூடிவிடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், கொடுத்தால் நீயே நம்ப மாட்டாய். மேலே மட்டும் இனி ஒரு மெஷினும் ஏறாது. இப்போதெல்லாம் சோதனை ரெக்கார்டு போடும்போது பெட்டிகளின் மேல் கை வைத்துப் பார்க்கிறேன், எது தட்டுகிறது என்று கைக்குத் தெரிகிறது. இதை முன்பே செய்திருக்கலாம்.

உனக்கும் ஒன்று சொல்கிறேன், ஆபீஸில் நாள் முழுக்க ஒரே காதில் மாட்டிக்கொண்டு பேசுகிறாயே, மாற்றி மாற்றிப் போடு, சத்தத்தைக் குறைத்து வை. அம்மாவின் பேச்சை வேறு எதில் கேட்காவிட்டாலும் இதில் கேள். வேளைக்குச் சாப்பிடு. சாமான்களையெல்லாம் சுமந்துகொண்டு வராதே, உடுத்துகிற துணி இருந்தால் போதும், மற்றதை உன் தம்பி பார்த்துக்கொள்வான். போன் செய்ய மனம் வந்தால் செய், இடது காதில் வைத்துத்தான் எடுப்பேன், பற்றவைக்கிற கம்பியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவேன்.

நீ எங்கே இருந்தாலும் உன் மனசுக்கு அமைதி கிடைக்கட்டும், ராத்திரி தூக்கம் வரட்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வரும்போது கதவைத் தட்டிவிட்டு வாசலில் நிற்காதே, தட்டினால் எனக்குக் கேட்காமல் போகலாம், அம்மா திறக்கவில்லையே என்று திரும்பிப் போய்விடாதே. உன் சாவி உன்னிடம்தான் இருக்கிறது, பூட்டை மாற்றவில்லை. நேரே உள்ளே வா. நான் மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கூப்பிட்டுப் பார்க்காதே, கிட்டே வந்து என் இடது தோளில் கையை வை.

இப்படிக்கு,
உன் கேள்வி இப்போதுதான் காதில் விழுந்த
அம்மா